கோடியில் நிற்பவர்கள்

(ஓசூரில் தொழிற்சாலைப் பணியாளர்கள் நடத்தும் வாசகர் வட்டம் ஒன்றின் ஆண்டுக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)

முதல் ஷிஃப்டு முடிந்ததும் வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கு வந்து அமர்ந்திருக்கும் தம்பிமார்களே,

முப்பது வருஷ காலம் ஒரு தொழிற்சாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் கேஜும் மைக்ரோமீட்டருமாகக் கழித்துவிட்டு ஓய்வு பெற்ற ஒருவனை இந்த மேடைக்கு அழைத்து, கபடியில் பிடிப்பவர்களை எப்படி வரிசைப்படுத்துவது என்பதைப் பற்றிப் பேசும்படி கேட்டபோது, நண்பர்கள் பரிகாசம் செய்கிறார்களோ என்று முதலில் நினைத்தேன். பிறகு, நாளெல்லாம் அளந்துகொண்டே இருந்தவனுக்குத்தான் அளவைக்கு அகப்படாத வஸ்துக்களிடத்தில் ஒரு பயபக்தி உண்டாகியிருக்கும் என்று அவர்கள் எண்ணியிருக்கக்கூடும் என்று சமாதானம் செய்துகொண்டு சம்மதித்தேன்.

இந்த ஊர்த் தொழிற்சாலைகளின் உணவுக் கூடங்களில், புரோ கபடிப் பருவம் தொடங்குவதற்கு முந்தின வாரம் நடைபெறும் ஒரு காரியம் உங்களுக்கெல்லாம் தெரியும். எட்டுப் பத்துப் பேர் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பாகங்கள் வந்து இறங்கிய அட்டைப் பெட்டி ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் கட்டம் போட்டு, லீக்கில் ஆடும் அத்தனை வீரர்களையும் முறை வைத்து ஒருவர் பின் ஒருவராகத் தம் தம் கற்பனை அணிக்கு எடுத்துக்கொள்கிறார்கள். ஒருவர் எடுத்த வீரரை மற்றவர் எடுக்க இயலாது. முதற் சுற்றில் கடைசியாக எடுத்தவர் இரண்டாம் சுற்றில் முதலாவதாக எடுப்பார். பருவம் முழுவதும் அந்த வீரர்கள் மெய்யான களத்தில் ஈட்டுகிற புள்ளிகள் இந்த அட்டையில் வரவு வைக்கப்படும். பணம் கட்டி ஆடும் செயலிகள் 2025 ஆகஸ்டில் வந்த மத்தியச் சட்டத்தால் அடங்கிப்போன பிறகு, அட்டைப் பெட்டிக்குக் கிராக்கி கூடியிருக்கிறது என்றே கேள்விப்படுகிறேன். பந்தயம் இப்போது பெரும்பாலும் பிரியாணி என்ற அளவில் நிற்பதால், அதைப் பற்றி நான் உபதேசம் செய்யப் போவதில்லை.

இந்த வழக்கம் அமெரிக்காவிலிருந்து வந்தது என்பார்கள்; ஒரு வகையில் மெய்தான். கையால் எறிந்து கையால் பிடித்து ஆடுகிற ஓர் ஆட்டத்துக்குக் காற்பந்து என்று பெயரிட்ட அந்தத் தேசத்தில், ஓக்லண்ட் நகரத்தைச் சேர்ந்த பில் விங்கன்பாக் என்பவரும் அவருடைய சிநேகிதர்களும் 1962-இல் யோசித்து, 1963-இல் முதன்முதலாக இப்படி வீரர்களைப் பங்கிட்டுக்கொண்டார்கள். ஆனால் இந்த விஷயத்தில் நம்முடைய சிறு பிள்ளைகள் யாருக்கும் கடன்பட்டவர்கள் அல்லர். சடுகுடு ஆடுமுன் 'உத்தி பிரித்தல்' என்றொரு சடங்கு நடந்ததை இந்த அவையில் நரைத்த தலைகள் மறந்திருக்கமாட்டா. ஏறக்குறைய ஒரே பலமுள்ள இருவர் தோளில் கை போட்டுக்கொண்டு ஒதுங்கிப் போய், ஆளுக்கொரு ரகசியப் பெயர் வைத்துக்கொண்டு திரும்பி வந்து, எதிரெதிரே நிற்கும் இரு தலைவர்களிடமும் சூரியன் வேண்டுமா சந்திரன் வேண்டுமா என்பது போலக் கேட்பார்கள்; கேட்ட தலைவனுக்குக் கேட்ட ஆள். யார் உயர்ந்தவன், யார் தாழ்ந்தவன் என்று எந்தத் தலைவனும் வாய்திறந்து சொல்லவேண்டியதில்லை. இவனுக்கு நான் ஜோடி என்று பிள்ளைகளே தம்மைத் தாமே நிறுத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உலகத்தில் நான் கண்ட தர வரிசைகளில் மனத்தாங்கல் மிகக் குறைவாக விளைவித்தது அதுதான்.

அட்டைப் பெட்டியின் வரிசையில் அந்த நயம் இல்லை. அங்கே எண்கள் ஆளுகின்றன. ரெய்டர்களைப் பொறுத்தவரை அவை பெரும்பாலும் நியாயமாகவே ஆளுகின்றன. முப்பது வினாடிக்குள் எதிர்க் களத்துக்குப் பாடிச் சென்று எத்தனை பேரைத் தொட்டுத் திரும்பினான் என்பது எண்ணிவிடக்கூடிய காரியம். பிடிப்பவன் விஷயம் வேறு. அவன் இருந்த இடத்தில் இருக்க, சந்தர்ப்பம் அவனைத் தேடி வரவேண்டும். வராமற்போனால் அவன் செய்வதற்கு ஒன்றுமில்லை, அட்டையில் எழுதுவதற்கும் ஒன்றுமில்லை.

பாகலூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில், சில வருஷங்களுக்கு முன் பொங்கலை ஒட்டி நடந்த மின்னொளிக் கபடிப் போட்டி ஒன்றை உதாரணமாகச் சொல்கிறேன். நம் ஊர்த் தை மாதக் குளிர் உங்களுக்குத் தெரியும். பார்த்தவர்களில் பாதிப் பேர் குரங்குக் குல்லாயும் ஸ்வெட்டருமாக இருந்தார்கள். சலித்த செம்மண்ணில் தண்ணீர் தெளித்துச் சுண்ணாம்புக் கோடு இழுத்திருந்தார்கள். ரெய்டர் உள்ளே நுழைந்ததும் கூட்டத்தில் ஒரு பக்கம் "புடி!" என்றது, ஒரு பக்கம் "பட்டுகோ!" என்றது, எல்லை தாண்டி ஆனேக்கல் பக்கத்திலிருந்து வந்திருந்தவர்கள் "ஹிடி!" என்றார்கள். நம் பகரம் கன்னடத்தில் ஹகரமாகிவிடும். பால் ஹாலு ஆவது போலப் பிடி ஹிடி ஆயிற்று. சொற்பிறப்பு ஆராய்வோருக்கு அந்த மைதானத்தின் ஓரத்தில் ஒரு பாய் போட்டுக் கொடுத்தாலே போதும்.

உள்ளூர் அணியின் இடது கோடியில், அதாவது கார்னரில், ஒரு பையன் நின்றான். பிரஸ் ஷாப்பில் வேலை. கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வெள்ளை டேப்பால் சேர்த்துச் சுற்றியிருந்தான். முதல் பாதியில் வந்த முதல் ரெய்டிலேயே, போனஸ் கோட்டை நோக்கி நீட்டிய காலின் கணுவை அவன் ஒரு பிடி பிடித்ததும், மேலே இருந்த உடல் முழுவதும் அடியற்ற மரம் போல் விழுந்தது. அவ்வளவுதான். அதற்குப் பின், நான் கையிலிருந்த நோட்டீஸின் பின்புறத்தில் குறித்து வந்த கணக்கின்படி, எதிரணி ரெய்டர்கள் பாடி வந்த பத்தொன்பது தடவையில் அவன் பக்கம் திரும்பியது இரண்டே தடவை. மற்ற பதினேழும் வலப்பக்கம். வலது கார்னரில் நின்றவன் சுமாரான ஆட்டக்காரன். ஆனால் எல்லோரும் அவனிடமே போனதால் ஆறு பேரைப் பிடித்தான், எட்டுத் தடவை அவுட் ஆனான். ஆட்ட முடிவில் சிறந்த கேட்ச்சருக்கான கோப்பையை அவனுக்குக் கொடுத்தார்கள். டேப் சுற்றிய பையன் கைதட்டினான். கொடுத்தவர்கள் பேரிலும் குற்றமில்லை. ஆறு பெரிதா ஒன்று பெரிதா என்று கேட்டால் ஆறு என்றுதானே சொல்லவேண்டும்?

மறு பருவம் எங்கள் மேஜையில் நான், ரெய்டர்கள் அஞ்சி ஒதுங்கும் பிடிகாரனே நல்லவன் என்ற இந்தத் தத்துவத்தைப் பிரயோகித்து, புள்ளி குறைந்த ஒரு கார்னரை மூன்றாம் சுற்றிலேயே எடுத்தபோது, பக்கத்திலிருந்த தம்பி ஒருவர், "அண்ணா, புள்ளியே எடுக்காதவனை எதுக்கு எடுக்கிறீங்க?" என்று இரக்கத்தோடு கேட்டார். அந்தப் பருவம் நான் கடைசி இடத்தில் முடித்தேன் என்பதையும் சத்தியத்தை முன்னிட்டுச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் நல்ல பிடிகாரன் யார் என்பதும், எனக்குப் புள்ளி கொண்டுவரும் பிடிகாரன் யார் என்பதும் இரண்டு வெவ்வேறு கேள்விகள். முதற் கேள்விக்கான விடையை இரண்டாம் கேள்விக்கு எழுதிவிட்டுத் தேர்வில் தோற்றவன் நான்.

இரண்டாம் கேள்வியையே எடுத்துக்கொள்வோம். புள்ளி எங்கே விளைகிறது? ஆண்கள் களத்தின் ஒரு பாதி ஆறரை மீட்டர் நீளம். நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டரில் பாக் கோடு. அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளிப் போனஸ் கோடு. களத்தில் ஆறு பேரோ ஏழு பேரோ நிற்கும்போது மட்டுமே அந்தப் போனஸ் கிடைக்கும். அதற்காக ரெய்டர் காலை நீட்டுகிற இடம் கார்னரின் கைக்கு எட்டும் இடம். கவரில் நிற்பவனோ ரெய்டரின் முகத்துக்கு நேரே நிற்பவன். அவன் பெரும்பாலும் திரும்பி ஓடுகிறவனை மறிப்பான், மோதித் தள்ளுவான், கார்னர் பிடித்த காலை ஓடவிடாமல் உடம்பைச் சாய்த்துக்கொள்வான். லீக்கின் கணக்கில் ஒரு பிடிக்கு ஒருவருக்கே புள்ளி. துணைக்குப் பாய்ந்த கைகளுக்குப் புள்ளியில் பங்கில்லை. ஆகவே, 2017-இல் நடந்த ஐந்தாம் பருவம் தொடங்கி 2024-இல் நடந்த பதினோராம் பருவம் வரை சிறந்த டிஃபெண்டர் விருது பெற்றவர்களைப் பாருங்கள்: சுரேந்தர் நாடா, நிதேஷ் குமார், ஃபஸல் அத்ராசலி, முகமதுரேஸா ஷாத்லுயி, அங்குஷ், மீண்டும் ஷாத்லுயி, மீண்டும் நிதேஷ். அத்தனை பேரும் கார்னர்கள். கவர் ஒருவர்கூட இல்லை. இந்த ஏழு பருவங்களிலும் இந்தியாவில் நல்ல கவரே பிறக்கவில்லை என்று கொள்வதைவிட, கணக்குப் புத்தகத்தில் அவர்களுக்குப் பத்தி ஒதுக்கவில்லை என்று கொள்வது விவேகம்.

அமெரிக்கர்கள் இந்த இடத்தில் நம்மைவிடச் சற்றே தாராளம். தனித்தனிக் காப்பாட்டக்காரர்களை எடுத்து ஆடும் அவர்களுடைய கழகங்களில், தனியாக வீழ்த்தினால் முழுப் புள்ளி, துணை நின்று வீழ்த்தினால் பெரும்பாலும் அதில் பாதி என்று ஏற்பாடு. விங்கன்பாக்கின் முதற் கழகத்திலேயே காப்பாட்டக்காரர்களுக்கு இடம் இருந்தது. பிற்காலத்தில் அவ்வளவு கணக்குப் பார்க்கச் சோம்பிப் பெரும்பாலோர் ஓர் அணியின் காப்பை முழுவதும் ஒரே மூட்டையாகக் கட்டி எடுக்கத் தொடங்கினார்கள். ஆனால் அங்கும் அந்தப் பழைய வியாதி தீரவில்லை. ஓக்லண்ட் அணியிலேயே நம்டி அசோமுகா என்றொரு மூலைக் காப்பாளர் இருந்தார். 2006-இல் எதிரணி எறிந்த பந்துகளில் எட்டை இடைமறித்துப் பறித்தார். மறு வருஷம் ஒன்று. அதற்கு அடுத்த வருஷமும் ஒன்று. கைத்திறன் குன்றிவிட்டதோ என்றால், அந்த ஒன்று மட்டும் பறித்த 2008-இல்தான் நாட்டின் தலைசிறந்த அணிப் பட்டியலில் முதல் வரிசையில் அவரைச் சேர்த்தார்கள். எட்டுப் பந்தைப் பறிகொடுத்த பிறகு அவர் நிற்கும் திசையில் எறிய எவருக்கும் மனம் வரவில்லை. பாகலூர்ப் பக்கத்துப் பையனுக்கும் அசோமுகாவுக்கும் நடுவே எத்தனை கடல்கள் இருந்தால் என்ன!

நம் தொழிற்சாலைகளிலும் இந்த அநியாயம் உண்டு. பராமரிப்புப் பிரிவில் இரண்டு ஃபிட்டர்கள்; ஒருவர் பொறுப்பிலுள்ள இயந்திரங்கள் வாரத்துக்கு நான்கு தடவை நின்றுபோகும், அவர் ஓடி ஓடிச் சரி செய்வார், பிரேக்டவுன் ரிஜிஸ்டரில் பக்கம் பக்கமாக அவர் கையெழுத்து இருக்கும். மற்றவர் காலையில் வந்ததும் காது கொடுத்து இயந்திரத்தின் சத்தத்தைக் கேட்டு, எண்ணெய் விட்டு, ஒரு திருகாணியை முடுக்கிவிட்டு உட்கார்ந்திருப்பார். அவர் பக்கம் வெறுமையாய்க் கிடக்கும். ஊதிய உயர்வு யாருக்குப் போயிற்று என்பதை இந்த அவையில் விரித்துச் சொன்னால் இரண்டாம் ஷிஃப்டு தாமதமாகும்.

அப்படியானால் அட்டைப் பெட்டிக்காரர் என்ன செய்யவேண்டும்? நான் தோற்றுத் தோற்றுக் கற்றதைச் சொல்கிறேன். மொத்தப் புள்ளியைப் பார்ப்பதற்கு முன், அந்தப் பிடிகாரன் எந்த அணியில், யாரோடு நிற்கிறான் என்று பாருங்கள். ஒரு கார்னர் சிங்கமாகவும் மறு கார்னர் பூனையாகவும் இருந்தால் ரெய்டர்கள் பூனையிடம் போவார்கள். உங்களுக்கு வேண்டியது சில சமயம் அந்தப் பூனைதான். இரண்டும் சிங்கமாக இருந்தால் இருவருக்கும் வேலை கிடைக்கும், ஏனென்றால் ரெய்டருக்குப் போக்கிடம் இல்லை. அடுத்து, அந்த அணியின் ரெய்டர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று பாருங்கள். ரெய்டர்கள் சோடையாக இருந்தால் களத்தில் ஆள் குறைந்துகொண்டே வரும். மூன்று பேரோ அதற்கும் குறைவாகவோ நிற்கும்போது பிடித்தால் சூப்பர் டேக்கிள், இரண்டு புள்ளி. தோற்கிற அணியின் பிடிகாரனுக்கு இப்படி இரட்டை வரவு வரும் வாய்ப்புகள் ஏராளம். 2024-இல் 77 புள்ளிகளோடு சிறந்த டிஃபெண்டரான நிதேஷ் குமார் ஆடியது நம் தமிழ்த் தலைவாஸ் அணியில். அணி ப்ளே ஆஃப் வாசலைக்கூட மிதிக்கவில்லை. துக்கத்திலும் ஒரு லாபம்.

இதே நிதேஷ் குமார்தான் 2018-இல் நடந்த ஆறாம் பருவத்தில், உ.பி. யோதா அணிக்காக 100 பிடிப் புள்ளிகளைத் தொட்டு, ஒரே பருவத்தில் நூறைக் கண்ட முதல் டிஃபெண்டர் என்று பெயர் பெற்றவர். பத்தாம் பருவத்தில் ஷாத்லுயி 99-இல் நின்றுவிட்டார். அந்த ஒரு புள்ளிக்காக ஈரானியர் தூக்கம் கெட்டாரா என்பது எனக்குத் தெரியாது; அவரை எடுத்திருந்த எங்கள் மேஜை நண்பர் கெட்டார்.

கடைசியாக, பொறுமை. கணுக்காலைக் கண்டதும் பாய்கிறவனை நம் நேர்முக வர்ணனையாளர்கள் 'அட்வான்ஸ் டேக்கிள்' போய்விட்டான் என்று கண்டிப்பார்கள். கற்பனை அணிக் கணக்குகளில் பலவும் தவறவிட்ட பிடிக்குக் கழிவு வைப்பதில்லை. ஆகையால் பத்துத் தடவை பாய்ந்து நான்கு பிடிப்பவன், ஐந்து தடவை பாய்ந்து மூன்று பிடிப்பவனைவிட அட்டையில் மேலே நிற்கிறான். மெய்யான களத்தில் முதலாமவன் ஆறு பேரைப் புள்ளியோடு வீட்டுக்கு அனுப்பிவைத்திருக்கிறான். எங்கள் மேஜையில் போன பருவம் முதல், தவறிய பிடிக்கு ஒரு புள்ளி கழிவு என்றும், துணைப் பிடிக்கு அரைப் புள்ளி வரவு என்றும் விதி செய்தோம். துணைப் பிடியை யார் எண்ணுவது என்று சண்டை வந்தது. ஓய்வு பெற்றவன் நான், நேரம் இருக்கிறது, நானே எண்ணுகிறேன்.

சந்தை இந்த விஷயத்தில் கணக்கைவிடக் கூர்மையானது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். 2018 ஏலத்தில் லீக்கின் சரித்திரத்திலேயே முதன்முதலாக ஒரு கோடி ரூபாய்க்கு விலைபோனவர் ரெய்டர் அல்லர். இடது கோடியில் நிற்கும் ஈரானியர் ஃபஸல் அத்ராசலி. கோடியில் நிற்பவருக்குக் கோடி என்று அப்போது நாங்கள் சிலேடை பேசிக்கொண்டோம். லீக்கில் 500 பிடிப் புள்ளிகளைக் கடந்த முதல்வரும் அவரே. ஷாத்லுயியைப் பத்தாம் பருவத்தில் 2 கோடியே 35 லட்சத்துக்கு எடுத்த புனே அணி அந்தப் பருவத்திலேயே கோப்பையை வென்றது. அடுத்த பருவம் அவரை 2 கோடியே 7 லட்சத்துக்கு எடுத்த ஹரியானாவும் வென்றது. ஈரானியர்கள் 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் நம்மை அரையிறுதியில் வீழ்த்தித் தங்கம் கொண்டுபோனார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால் இந்த விலைகளின் ரகசியம் புலப்படும். நம் பக்கமும் சளைத்ததல்ல. தஞ்சைப் பக்கத்துத் தர்மராஜ் சேரலாதன், நாற்பதைக் கடந்த வயதில், 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வாங்கியவர், அதே வருஷம் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தவர், பிடிகாரர்தான். சக வீரர்கள் அவரை 'அண்ணா' என்று அழைத்தார்கள். அந்த 'அண்ணா'வுக்கு எந்த அட்டையில் எத்தனை புள்ளி போடுவது?

ஆயினும் விலையும் தெய்வ வாக்கல்ல. 2022-இல் பெங்களூரு புல்ஸிலிருந்த பவன் ஷெராவத்தைத் தலைவாஸ் அணி 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தபோது, இந்த ஊரில் இரு கட்சிக்காரர்களும் வாய்ச்சண்டை இட்டதை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நமக்குப் பெங்களூருவின் கண்டீரவா அரங்கம் நாற்பது கிலோமீட்டர், சென்னை நேரு உள்விளையாட்டரங்கம் முந்நூறுக்கும் மேல்; எனவே அத்திப்பள்ளிக்கு இந்தப் பக்கம் புல்ஸ் சட்டையும் தலைவாஸ் சட்டையும் ஒரே கொடியில் உலர்வது சகஜம். அந்தப் பவன், முதல் ஆட்டத்திலேயே, பாடி வந்த ஒருவரைப் பிடிக்க முனைந்தபோது முழங்காலில் அடிபட்டுப் பருவம் முழுவதும் உட்கார்ந்துவிட்டார். பிடிப்பது என்பது எவ்வளவு அபாயகரமான உத்தியோகம் என்பதை, நாட்டிலேயே விலை உயர்ந்த ரெய்டர் தம் உடம்பைக் கொண்டு நிரூபிக்கவேண்டியதாயிற்று.

அவைத் தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். கேள்விகள் இருக்கும் என்று அறிவேன். ஆனால் என்னைவிட விடை தெரிந்தவர் ஒருவர் இந்த மண்டபத்தில் இருக்கிறார். மூன்றாம் வரிசையில், ஜன்னல் ஓரம், வலது கட்டைவிரலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருக்கிற தம்பிதான் நான் சொன்ன பாகலூர்ப் பக்கத்து இடது கார்னர். இப்போது ஷிஃப்டு இன்சார்ஜ் ஆகிவிட்டார். சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் அவர் பக்கம் ஒரே ஒரு ரெய்டர்தான் வந்தானாம். வந்தவன் என்ன ஆனான் என்பதை அவரிடமே கேளுங்கள்.